சென்னை வானாராய்ச்சியாளர் போக்ஸன்

சென்னை மாநகர்க்கு மேற்கே, ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடையில், இருப்புப்பாதையின் அருகே அமைந்தது எமது ஊராகிய நெமிலிச்சேரி. 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதற் புகைவண்டி ஓடிய பாதை இதுவே. பின்னாளில் இப்பாதையில் ஓடிய வண்டிகளுக்கும், 1905-ஆம் ஆண்டு முடிய இந்தியாவின் பிற இருப்புப்பாதைகளுக்கும் பொழுது காட்டியது சென்னை நேரம். அந்நேரத்தைக் கணித்துத் தந்தது நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிசாலை. அச்சாலையில் முப்பதாண்டு தலைவராயிருந்து, விண்மீன்களையும் கடிகாரங்களையும் காத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் பெயர் நார்மன் ராபர்ட் போக்ஸன்.

வைகாசித் திங்களின் நள்ளிரவில் எம் வீட்டு மாடியில் நின்று தென்திசையை நோக்கினால் விருச்சிக ராசி உயர்ந்து விளங்கும். சிவந்து ஒளிரும் கேட்டையும், அதற்கு மேற்கே வரிசையாய் நிற்கும் அனுஷமும் யாவரும் அறிந்தன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலையின் விளக்கொளி இந்நாளில் சிறுமீன்களை மறைத்துவிட்டதாயினும், இவ்விரண்டையும் மறைக்க வல்லதன்று. இவ்விரண்டிற்கும் சிறிது வடக்கே, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தோன்றாத ஓரிடம் உளது. அவ்விடத்தில் 1863-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் போக்ஸன் கண்ட ஒரு விண்மீனே அவர் வாழ்க்கையின் பொருளை நன்கு விளக்குவதாகும். அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

போக்ஸன் இங்கிலாந்து தேசத்து நாட்டிங்ஹாம் நகரில் 1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள் பிறந்தார். அவர் தந்தையார் பின்னலாடைத் தொழில் நடத்தியவர். மைந்தரும் வாணிபத்தில் அமர்தலே உலக வழக்கிற்கு ஒத்ததாயிருந்தது. ஆயினும் இளைஞரின் உள்ளம் கணிதத்திலே தோய்ந்தது. அந்நகரிற் பிறந்தவரும் வானநூல் வல்லுநருமாகிய ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் என்பாரின் துணை அவருக்குக் கிட்டிற்று. பதினெட்டாம் வயதில் இரண்டு வால்மீன்களின் பாதைகளை அவர் கணித்து முடித்தார். கலாசாலைப் பட்டம் ஏதும் பெறாத ஒருவர்க்கு இஃது அரிய செயலேயாம்.

1851-ஆம் ஆண்டில் லண்டனிலிருந்த ஒரு தனியார் வானாராய்ச்சிசாலையில் உதவியாளராய்ச் சேர்ந்த அவர், மறு ஆண்டே ஆக்ஸ்போர்டிலுள்ள ராட்கிளிப் வானாராய்ச்சிசாலைக்குச் சென்றார். பகலெல்லாம் கணக்கும் இரவெல்லாம் காவலுமாக அங்கே அவர் நாட்கள் கழிந்தன. 1856-ஆம் ஆண்டு மே மாதத்தில் இஸிஸ் என்னும் சிறுகோளைக் கண்டறிந்தார். அதன்பொருட்டுப் பாரிஸ் மாநகரின் கல்விக் கழகத்தார் லலாந்து பதக்கம் அளித்தனர். நான்கு ஆண்டு முன்னர்ப் பிறந்த அவர் மகளுக்கும் இஸிஸ் என்றே பெயர். மறு ஆண்டில் மேலும் இரண்டு சிறுகோள்களை அவர் கண்டார். 1859-ஆம் ஆண்டில் ஹார்ட்வெல் மாளிகையிலிருந்த வானாராய்ச்சிசாலையின் தலைமையை ஏற்றார்.

அவர் பெயரை உலகெங்கும் நிலைநாட்டியது சிறுகோள் அன்று, ஓர் எண்ணேயாகும். கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை மிக்க ஒளியுடையன முதற்றரம் என்றும், மிக மங்கியன ஆறாந்தரம் என்றும் கிரேக்கர் காலந்தொட்டு வகுத்து வந்தனர். ஆனால் ஒரு தரத்திற்கும் அடுத்த தரத்திற்கும் உள்ள வேற்றுமை இவ்வளவென்று அறுதியிட்டார் இலர். ஒருவர் எட்டாந்தரம் என்றதை மற்றொருவர் ஒன்பதாந்தரம் என்பார். தொலைநோக்கி பெருகப் பெருக இக்குழப்பமும் பெருகிற்று. முதற்றர மீனின் ஒளி ஆறாந்தர மீனின் ஒளியைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு என்பதைக் கண்ட போக்ஸன், ஐந்து தர வேற்றுமை சரியாக நூறு மடங்கு எனக் கொள்ளலாம் என்று 1856-ஆம் ஆண்டில் முன்மொழிந்தார். அவ்வாறு கொண்டால் ஒவ்வொரு தரத்திற்கும் 2.512 மடங்கு வேற்றுமை வரும். கடைக்காரனுக்குப் படிக்கல் எப்படியோ அப்படியே வானநூலார்க்கு இவ்வெண். இன்றளவும் உலகத்து வானாராய்ச்சியாளர் அனைவரும் இதனையே ஆள்கின்றனர்.

ஒளி மாறாத மீன்களை அளப்பதைவிட ஒளி மாறும் மீன்களை அளப்பதற்கே இவ்வளவுகோல் இன்றியமையாதது. நேற்றைய ஒளிக்கும் இன்றைய ஒளிக்கும் உள்ள வேற்றுமையை எண்ணாற் சொல்ல இயலாவிடின், மாறுதல் என்பது வெறும் தோற்றமாய் ஒழியும். போக்ஸன் அளவுகோலைச் செய்ததோடு நில்லாமல், அதைக் கையிற்கொண்டு வாழ்நாள் முழுதும் மாறொளி மீன்களைக் காத்து வந்தார். அவர் கண்டறிந்தனவாகக் கூறப்படும் மாறொளி மீன்கள் இருபத்தொன்று.

1860-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்க வானாராய்ச்சியாளராய் நியமனம் பெற்ற போக்ஸன், 1861-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் குடும்பத்தோடு சென்னை வந்து சேர்ந்தார். நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிசாலை 1792-ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் கருங்கற்றூண் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளிற் பொறித்த எழுத்துக்களுடன் இன்றும் வானிலை ஆராய்ச்சி அலுவலகத்தின் வளாகத்தில் நிற்பதைக் காணலாம். டெய்லர் என்பார் அங்கிருந்து 11,015 விண்மீன்களின் அட்டவணையை 1844-ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். அத்தகைய புகழ்மிக்க பீடத்தில் அமர்ந்த போக்ஸன் காலத்தை வீணாக்கினாரில்லை. வந்த இரண்டே திங்களில், ஏப்ரல் 17-ஆம் நாள், புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதற் காணப்பெற்ற சிறுகோள் அதுவே. ஆதலின் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டனர். பின்னர் 1864, 1866, 1868, 1885 ஆகிய ஆண்டுகளிலும் ஒவ்வொன்று கண்டார். ஆக அவர் கண்ட சிறுகோள்கள் எட்டு.

சிறுகோளைத் தேடுவோர் வானத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, படத்தோடு மீன்களை ஒவ்வொன்றாய் ஒப்பிட்டுப் பார்ப்பர். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தோன்றினால் அது நகர்கின்றதா என்று மறுநாள் நோக்குவர். நகர்ந்தால் சிறுகோள், நகராவிடின் மாறொளி மீன். 1863-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாளிரவு விருச்சிக ராசியிற் போக்ஸன் கண்ட புதிய ஒளி நகரவில்லை. அது ஒன்பதாந்தர அளவில் நின்றது. வெறுங்கண் காணும் எல்லைக்கு மூன்று தரம் கீழ்ப்பட்டதாயினும், தொலைநோக்கியிற் தெளிவாய் விளங்கியது. ஆனால் நாளுக்கு நாள் அது விரைந்து மங்கிற்று. சின்னாளில் நுங்கம்பாக்கத்துத் தொலைநோக்கிக்கும் எட்டாது மறைந்தது. போக்ஸன் இடத்தையும் ஒளியையும் நாளையும் குறித்து வைத்தார். விருச்சிகத்தின் மாறொளி மீன்களுக்கு எழுத்திடும் முறைப்படி அதற்கு யூ என்னும் எழுத்து வழங்கலாயிற்று. மீண்டும் அது தோன்றியதை அவர் காணவே இல்லை. அவர் இறக்கும்வரை அது ஏன் தோன்றிற்று, ஏன் மறைந்தது என்று சொல்வார் உலகில் எவரும் இலர்.

நிற்க. சென்னையில் அவருக்கு வாய்த்த துணைவருள் முதன்மையானவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்த இவ்வறிஞர், இளமையிலேயே வானாராய்ச்சிசாலையிற் புகுந்து முதல் உதவியாளராய் உயர்ந்தவர். 1867-ஆம் ஆண்டில் தென்வானத்து மாறொளி மீன் ஒன்றைத் தாமே கண்டறிந்தார். 1872-ஆம் ஆண்டில் லண்டன் அரச வானநூற் கழகத்தின் உறுப்பினரானார். 1874-ஆம் ஆண்டில் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்கள் உணரும்படி நூல் எழுதி நம் நாட்டு மொழிகளில் வெளிப்படுத்தினார். 1880-ஆம் ஆண்டில் அவர் காலமானது போக்ஸனுக்குக் கைம்முறிந்தாற் போன்ற இழப்பாயிற்று.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணப் போக்ஸன் மசூலிப்பட்டணம் சென்றார். மறைந்த ஞாயிற்றின் விளிம்பில் எழுந்த செஞ்சுடர்களின் ஒளியை அவர் பகுத்து நோக்கினார். 1872-ஆம் ஆண்டு டிசம்பரில் மற்றொரு வியத்தகு நிகழ்ச்சி நேர்ந்தது. பியேலா என்னும் வால்மீன் பூமிக்கு அண்மையிற் கடந்து சென்றிருக்க வேண்டும் என்றெண்ணிய ஜெர்மானிய அறிஞர் கிளிங்கர்பூஸ், தென்வானத்தில் ஓரிடத்தைக் குறித்துத் தேடுமாறு சென்னைக்குத் தந்தி அனுப்பினார். குறித்த இடத்திற்கு அருகே போக்ஸன் ஒரு வால்மீனைக் கண்டார். இரண்டு நாட்களே அதைப் பார்க்க முடிந்தது. பின்னர் மேகம் மூடிற்று. அது பியேலாவன்று என்றும், தற்செயலாய் அங்கு வந்த வேறொரு வால்மீன் என்றும் பிற்காலத்தார் முடிவு செய்தனர். யூ மீனைப் போலவே இதுவும் அவர் ஒருவர் கண்ணுக்கே அகப்பட்டு அகன்றது.

இவ்வாறு புகழொடு தொடங்கிய வாழ்வில் இருளும் படர்ந்தது. 1869-ஆம் ஆண்டில் அவர் துணைவியார் எலிஸபெத்து அம்மையார் காலமானார். அவர்கட்குப் பிறந்த மக்கள் பதினொருவர். அப்பொழுது பதினேழு வயதினரான இஸிஸ் அம்மையார் தாயற்ற உடன்பிறந்தாரைப் பேணும் பொறுப்பை ஏற்றதோடு, 1873-ஆம் ஆண்டு முதல் வானாராய்ச்சிசாலையிற் கணக்கராகவும் அமர்ந்தார். இருபத்தைந்து ஆண்டு அவர் ஆற்றிய பணி சிறிதன்று. 1886-ஆம் ஆண்டில் மகளை அரச வானநூற் கழகத்துக்கு உறுப்பினராக்கப் போக்ஸன் முயன்றார். கழகத்தின் சாசனம் ஆண்பாற் சொல்லையே வழங்குகின்றது என்று கூறித் தடுத்தனர். 1920-ஆம் ஆண்டிலேதான் அவ்வம்மையார்க்கு அப்பெருமை கிட்டிற்று. தந்தையார் அதைக் காண உயிரோடில்லை.

அலுவலிலும் அவர்க்கு அமைதி இல்லை. வேண்டிய துணைவர் கிடைத்திலர். வேண்டிய கருவி கிடைத்திலது. பொழுது கணித்தல், வானிலைக் குறிப்பெடுத்தல் ஆகிய நாள்வேலைகள் இரவுக் காவலின் பயனை ஒழுங்குபடுத்தும் நேரத்தைக் கவர்ந்தன. மாறொளி மீன்களுக்கென அவர் தொடங்கிய படத்தொகுதி முற்றுப்பெறவில்லை. 1862-ஆம் ஆண்டில் தொடங்கிய விண்மீன் அளவைகளின் முதற்றொகுதி 1887-ஆம் ஆண்டிலேயே அச்சேறிற்று. இங்கிலாந்தில் இருந்த பெரியோர் சிலர் அவர்மேற் குறை கூறினர். அக்குறையில் உண்மை இல்லையென்று நாம் மறைத்தல் கூடாது. காண்பதில் இருந்த ஊக்கம் கண்டதை வெளியிடுவதில் அவருக்கு இருந்ததில்லை. பிறர் கூறும் அறிவுரையை ஏற்பதிலும் அவர் எளியவரல்லர். ஒருவர் தாமே எல்லாவற்றையும் செம்மையாய் முடித்து வெளியிட வேண்டும் என்று எண்ணி, முடியாத பணியைத் தாழிட்டு வைப்பது கற்றோர்பால் அடிக்கடி காணப்படும் குற்றம். அக்குற்றம் அவரிடமும் இருந்தது. ஆயினும் குறிப்பை எழுதாமல் ஓர் இரவையும் விட்டாரில்லை என்று சொல்லத்தக்க அளவிற்குக் கட்டுக்கட்டாய் ஏடுகள் குவிந்தன என்பதும் உண்மையே.

1882-ஆம் ஆண்டில் தென்னாட்டு மலையொன்றில் இருபது அங்குலத் தொலைநோக்கி அமைத்து ஞாயிற்றையும் விண்மீன்களையும் ஆராய வேண்டுமென்று அவர் விண்ணப்பித்தார். இடம் தேடும் பணி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பௌதிக நூலாசிரியராயிருந்த மிச்சி ஸ்மித் என்பார்க்கு வந்தது. அவர் பழனிமலையையும் நீலகிரியையும் சுற்றிப் பார்த்தார். அதன் பயனாய்ப் பின்னர் எழுந்ததே கொடைக்கானல் வானாராய்ச்சிசாலை. போக்ஸன் அதைக் காணவில்லை. 1891-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாள், முப்பதாண்டுப் பணிக்குப் பின், ஒருமுறையேனும் தாய்நாட்டிற்குத் திரும்பித் தங்காதவராய்ச் சென்னையிலேயே உயிர் நீத்தார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த மிச்சி ஸ்மித், தாழிடப்பட்டிருந்த விண்மீன் அளவைகளை வெளிக்கொணர்ந்து, 5,303 மீன்களின் அட்டவணையை நிறைவேற்றினார். மாறொளி மீன்களைப் பற்றிய குறிப்புக்களோ 1908-ஆம் ஆண்டிலேதான் லண்டனில் அச்சாயின.

இனி அந்த விருச்சிக மீனுக்கு வருவோம். 1940-ஆம் ஆண்டில் ஹெலன் தாமஸ் என்னும் அம்மையார் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு கலாசாலையில் அடுக்கி வைத்திருந்த பழைய வானப் படத்தகடுகளை ஆராய்ந்தார். போக்ஸன் குறித்த அதே இடத்தில் 1906-ஆம் ஆண்டிலும் 1936-ஆம் ஆண்டிலும் அம்மீன் தோன்றியிருப்பதைக் கண்டார். ஒருமுறை எழுந்து அழிந்தது என்று எண்ணிய மீன் அழியவில்லை. மீண்டும் மீண்டும் எழுகின்றது. அதன்பின் 1979, 1987, 1999, 2010, 2022 ஆகிய ஆண்டுகளில் அது எழுந்ததை உலகம் கண்டது. ஏறத்தாழப் பத்தாண்டிற்கு ஒருமுறை அது விழித்தெழுகின்றது என்பர்.

காரணம் யாதெனில், அது ஒரு மீனன்று, இணைமீன். எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குறுமீன் ஒன்றும், அதனினும் பருத்த துணைமீன் ஒன்றும் ஏறத்தாழ முப்பது மணிநேரத்திற்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. துணைமீனின் மேனியிலிருந்து வாயுவை வெண்குறுமீன் ஈர்த்துத் தன்மேற் குவித்துக்கொள்கின்றது. குவியல் ஓரெல்லை கடந்தவுடன் வெந்து வெடிக்கின்றது. வெடித்தபின் அடங்கி, மீண்டும் குவிக்கத் தொடங்குகின்றது. அடங்கிய காலத்தில் அது பதினெட்டாந்தர அளவினது. எழுச்சியின் உச்சியில் ஏறத்தாழ எட்டாந்தரம். பத்துத் தர வேற்றுமை எனில் நூற்றை நூறால் பெருக்க வேண்டும். ஒளி பதினாயிரம் மடங்கு பெருகியது என்பதாம். இக்கணக்கைச் சொல்வதற்கும் போக்ஸன் செய்த அளவுகோலே வேண்டியிருக்கின்றது.

இதற்கு உறவான மற்றோர் இனமும் உண்டு. அங்கே துணையாய் நிற்பது மிகப் பெரிதாய் ஊதிச் சிவந்த செம்பெருமீன். ஒன்றையொன்று சார்ந்து வாழும் செடிகொடிகளுக்கு வழங்கும் பெயரை எடுத்து இவற்றைக் கூட்டுயிர் மீன்கள் என்று அழைக்கின்றனர். இவை பல்லாண்டு உறங்குவன போல் அமைதியாயிருக்கும், ஒருநாள் திடீரென விழித்து ஒளி வீசும், மீண்டும் உறங்கும். வடமுடி மண்டலத்து மீன் ஒன்று 1866-ஆம் ஆண்டிலும் 1946-ஆம் ஆண்டிலும் இங்ஙனம் விழித்தது. பாம்பேந்தி மண்டலத்து மீன் ஒன்று 1898-ஆம் ஆண்டு முதல் 2021-ஆம் ஆண்டு வரை பலமுறை விழித்துள்ளது. கும்ப ராசியில் உள்ள ஒன்றோ 387 நாளைக்கொருமுறை மூச்சுவிடுவது போல் ஒளி பெருகிக் குறைகின்றது. எண்பதாண்டுக்கொருமுறை நிகழ்வதை ஒரு மனிதன் தன் வாழ்நாளிற் கண்டு அறிதல் அரிது. தாத்தா எழுதி வைத்த குறிப்பைப் பேரன் எடுத்துப் பார்த்தாலன்றி அவ்வறிவு தோன்றாது. விண்மீன்களுள் சிலவற்றின் இயல்பை உணர ஒரு தலைமுறையின் கண் போதாது என்பதே இதன் கருத்து.

சென்னையிற் கண்ட மீனுக்குத் தமிழகத்தோடு தொடர்பு அற்றுப்போகவில்லை. நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சிசாலையின் வழிவந்ததே இந்திய வான் இயற்பியல் நிலையம். அந்நிலையத்தார் சவ்வாது மலையிற் காவலூரில் வைணு பாப்பு வானாராய்ச்சிசாலையை நடத்தி வருகின்றனர். 1999-ஆம் ஆண்டில் யூ மீன் எழுந்தபொழுது அதன் ஒளியை நிறம் நிறமாய்ப் பகுத்து ஆராய்ந்தோருட் காவலூர் அறிஞரும் இருந்தனர். போக்ஸன் நுங்கம்பாக்கத்தில் அதைக் கண்டு 136 ஆண்டு கழிந்திருந்தது. அவர் தொடங்கிய காவலை அவர் இருக்கையின் வழித்தோன்றல்களே தொடர்ந்தனர் என்பது நினைக்குந்தோறும் இன்பந்தருவது.

சிறுகோள் ஒன்றிற்கும், திங்களில் உள்ள பள்ளம் ஒன்றிற்கும் இன்று போக்ஸன் என்ற பெயர் வழங்குகின்றது. ஆயினும் அவருக்கு உரிய நினைவுச்சின்னம் வேறென்பது என் எண்ணம். பயன் இன்னதென்று அறியாமலே ஓர் இரவில் அவர் எழுதிய ஒரு வரி, எழுபத்தேழு ஆண்டு கழித்து மற்றொருவர் கைப்பட்டு உயிர் பெற்றது. அவர் அவ்வரியை எழுதியிராவிடின் 1906-ஆம் ஆண்டின் தகட்டிலுள்ள புள்ளியை எவர் தேடியிருப்பர்? நம் பரிசோதனைச் சாலைக் குறிப்பேட்டில் எதிர்பார்த்த விடை வராதபொழுது அதனை எழுதாமல் விடுதலும், அழித்து மாற்றுதலும் நம்முள் இல்லாத வழக்கங்கள் அல்ல. ஏட்டுச்சுவடியைப் படித்துப் பார்ப்பவர், பொருள் விளங்காத சொல்லை விட்டு எழுதுவதும் அத்தகையதே. நாம் அறியாததைப் பிறர் அறிவர். இன்று விளங்காதது நாளை விளங்கும். கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தலும், எழுதியதைக் காலத்தில் வெளியிடுதலும் கற்றோர் கடன். முன்னதைப் போக்ஸன் செய்துகாட்டிக் கற்பித்தார். பின்னதைச் செய்யாமற்போய்க் கற்பித்தார்.

அடுத்த வைகாசியில் எம் ஊர்ப் புகைவண்டி நிலையத்தில் இரவு வண்டிக்குக் காத்திருப்போர் தென்திசையை ஒருகணம் நோக்குவாராக. கேட்டைக்கும் அனுஷத்திற்கும் வடக்கே ஒன்றும் தோன்றாது. தோன்றாத அவ்விடத்தில் ஒரு மீன் தன் துணையிடமிருந்து சிறிது சிறிதாய் வாங்கிச் சேர்த்துக்கொண்டு, எழும் நாளை நோக்கியிருக்கின்றது.